மலை தந்த அடைக்கலம்

மதுரைச் சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சி மலையேறியவர்களின் வரலாறு, நம் வட்டாரக் கிறிஸ்தவ வரலாற்றின் ஒரு பகுதியாகும். அமெரிக்க மறைபரப்பாளர்கள் 1845-இல் கொடைக்கானலில் தம் முதல் வீடுகளைக் கட்டினர். இயேசு சபையினரும் அவர்களைப் பின்தொடர்ந்தனர். சலேத் அன்னை ஆலயம் எழுந்தது. 1895-இல் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரி நிறுவப்பட்டது.

அவர்களது அச்சத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1809 முதல் 1811 வரை மதுரை, திண்டுக்கல், கோயம்புத்தூர், திருநெல்வேலிச் சீமைகளைக் கொடிய காய்ச்சல் ஒன்று வாட்டியது. அதை ஆராய அரசு அமைத்த மருத்துவக் குழுவின் அறிக்கை 1816-இல் இலண்டனில் அச்சேறியது. ஈர நிலத்திலிருந்து எழும் நச்சுக்காற்றே நோயின் மூலம் என்பது அக்கால மருத்துவத்தின் நம்பிக்கை. மழைக்கும் காய்ச்சலுக்கும் உறவு உண்டு என்பதை அவர்கள் கண்டனர். இடையில் நின்ற கொசுவை மட்டும் காணவில்லை. அதைக் காண 1897 ஆகஸ்ட் 20 வரை உலகம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அன்றுதான் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார்.

மலை ஏன் காத்தது என்பது அதன்பின் விளங்கிற்று. கொசுவின் உடலில் மலேரியாக் கிருமி முதிர்வதற்கு வெப்பம் தேவை. ஏறக்குறைய 28 டிகிரியில் பத்து நாள்களளவில் அது முதிர்ந்துவிடும். 16 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி பெரும்பாலும் நின்றுவிடும். கிருமி முதிர்வதற்குள் கொசுவின் ஆயுளே முடிந்துவிடும். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலின் குளிரே அதன் அரணாயிற்று.

இன்று அந்த அரண் தளர்கிறது. 2011-2020 காலத்தின் உலக வெப்பநிலை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைவிட ஏறத்தாழ 1.1 டிகிரி மிகுந்திருந்தது. மலையில் ஒரு டிகிரி வெப்பம் கூடுவது, சுமார் 150 மீட்டர் கீழே இறங்கி வாழ்வதற்கு ஒப்பாகும். மறுபுறம், மிகுந்த வெப்பம் கொசுவின் ஆயுளையும் குறைக்கும். ஆகவே நோயின் எல்லை எங்கும் ஒரே சீராக விரிவதில்லை. அது இடம் மாறுகிறது.

ஆயினும் பழி முழுவதையும் வானத்தின்மேல் சுமத்துதல் நேர்மையாகாது. 2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா ஒழிந்த நாடெனச் சான்று பெற்றது. அவ்வாண்டு முடிவதற்குள், கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகும் நகரக் கொசுவான அனாபிலிஸ் ஸ்டீபன்சி அந்நாட்டில் முதன்முறையாக மன்னாரில் கண்டறியப்பட்டது. கொசு பரவ மனிதரின் போக்குவரத்தும் வழி செய்கிறது. 2012-இல் தமிழகத்தில் டெங்கு 12,000-க்கும் மேற்பட்டோரைத் தாக்கி 66 உயிர்களைக் கொண்டது. டெங்குவைப் பரப்பும் கொசுவுக்குக் குளமும் சதுப்பும் வேண்டா. மூடாத குடமே போதும். மழை பொய்த்துக் குழாயில் நீர் வராத தெருவில், ஏழைத்தாய் நீரைச் சேமிக்காமல் என் செய்வாள்? 1985-இல் மதுரையில் தொடங்கப்பெற்ற மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம், வயல்களிலும் வீடுகளிலும் கொசுவைத் தேடி ஆய்ந்ததன் பொருளும் இதுவே: நோயின் வேர் நாம் நீரைக் கையாளும் முறையிலும் உள்ளது.

அன்று மலையேற வழியுள்ளோர் ஏறினர். வயலில் நாற்று நட்டவர்கள் காய்ச்சலோடு கீழேயே இருந்தனர். புவியின் சீர்குலைவால் மிகுதியாகத் துன்புறுவோர் ஏழைகளே என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் உணர்த்தினார். இனித் தப்பி ஓட மலை இல்லை. நம் பங்கின் கடைசித் தெருவுக்கும் குழாய்நீர் ஒழுங்காக வருமாறு கேட்பதும், அங்குள்ள ஒவ்வொரு குடத்திற்கும் மூடி கிடைக்கச் செய்வதும் அயலாரை அன்பு செய்வதன் பகுதியே.