இழந்த அங்கத்தை மீட்கும் கலை

அம்பர்நாத் ரயில் நிலையத்தில் நிற்போருக்கு ஒரு திசையில் புனே. மறு திசையில் மும்பையின் பரேல். புற்றுநோயால் மார்பகத்தை இழந்த பெண்ணுக்கு அதை மீண்டும் அமைத்துத் தரும் கலையின் வரலாற்றை அறிய, இவ்விரு இடங்களையும் நாம் நினைவுகூர வேண்டும்.

மைசூர்ப் போரில் பிடிபட்டு மூக்கறுபட்ட கவாஸ்ஜி என்னும் மாட்டுவண்டிக்காரருக்கு, நம் நாட்டு வைத்தியர் ஒருவர் நெற்றித் தோலைக் கீழிறக்கிப் புதிய மூக்கு அமைத்தார். புனேயில் நடந்த இச்சிகிச்சையை 1794-இல் லண்டன் பத்திரிகையொன்று வெளியிட்டது. தோலை முற்றிலும் அறுத்தெடுக்காமல், இரத்தம் பாய ஒரு காம்பை விட்டுவைத்தலே இதன் நுட்பம். சுசுருத சங்கிதையும் மூக்கமைக்கும் முறையைக் கூறுகிறது.

ஒரு நூற்றாண்டுக்குப்பின், 1894-இல், அமெரிக்க மருத்துவர் ஹால்ஸ்டெட் மார்பகத்துடன் நெஞ்சுத் தசைகளையும் அக்குள் நிணக்கணுக்களையும் அகற்றும் முறையை விளக்கினார். உயிர் காப்பதே அன்றைய நோக்கம். உருவை மீட்டால், திரும்பி வரும் நோய் கண்ணுக்குப் புலப்படாது என அஞ்சினர். ஆயினும் 1906-இல் இத்தாலியின் டான்சினி, முதுகுத் தசையைக் காம்புடன் முன்னே கொணர்ந்து நெஞ்சுக் காயத்தை மூடினார். நெடுங்காலம் மறக்கப்பட்ட அம்முறை 1970-களில் புத்துயிர் பெற்றது. 1962-இல் சிலிகோன் பை வந்தது. 1982-இல் அடிவயிற்றுச் சதையால் மார்பகம் அமைக்கும் முறையை ஹார்ட்ராம்ப் வெளியிட்டார். புனேயில் கண்ட காம்பின் நுட்பமே முதுகுத் தசை, அடிவயிற்றுச் சதை முறைகளிலும் விளங்குகிறது.

பரேலில் 1941-இல் திறக்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனையில் இன்று உருவமைப்பு ரணசிகிச்சைத் துறையும் உண்டு. மார்பகத்தை அகற்றும்போதே மீட்டமைக்கலாம், பின்னரும் செய்யலாம். சிலிகோன் பைக்குச் சிகிச்சை சிறிது. ஆனால் கதிர்வீச்சு பெற்ற இடத்தில் தொல்லை மிகக்கூடும். சொந்தச் சதை இயல்பாக அமையும். ஆனால் சிகிச்சை நீளும், வேறோரிடத்தில் வடு எஞ்சும். ஆடைக்குள் அணியும் செயற்கை மார்பகமும் உண்டு. எதுவும் வேண்டாமென இருப்பதும் நல்ல முடிவே.

மார்பகம் போய்விடுமே என்றஞ்சிக் கட்டியை மறைக்கும் பெண்கள் நம்மிடையே உளர். அவ்வச்சம் உயிரையே பறிக்கும். இழந்ததை மீட்க வழியுண்டு என்பதை நாம் வீட்டில் கூசாமல் பேசுவோமாக. எவ்வழி என்பதை மருத்துவர் விளக்கட்டும். முடிவு அப்பெண்ணுடையதாக இருக்கட்டும்.