மறைந்திருக்கும் பெட்டிக்குத் தொலைக்காட்சி வழியே ஆணை: சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் அகச்சிவப்புக் கட்டுப்பாட்டின் வளர்ச்சி

அகச்சிவப்பு ஒளி மரப்பலகையை ஊடுருவாது. செட்டாப் பாக்ஸையோ ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபையரையோ ஷோகேஸின் மூடிய தட்டுக்குள் வைத்துவிட்டால், ரிமோட் அனுப்பும் ஆணை அதை எட்டாது. இதற்கான தீர்வுகளுள் ஒன்று தொலைக்காட்சியையே இடைத்தரகராக ஆக்குவது. பார்ப்பவரின் எதிரில் எப்போதும் மறைவின்றி நிற்கும் கருவி அது ஒன்றே. ரிமோட்டின் ஆணையை அது வாங்கி, பின்புறத்துக் கம்பி வழியாக மறைவிலுள்ள பெட்டிக்கு மீண்டும் அகச்சிவப்பாகவே அனுப்புகிறது. சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இந்த ஏற்பாட்டுக்குத் தேவை உண்டானதற்குப் பார்வையாளரின் வசதி ஆசையைவிட, ஒளிபரப்பு டிஜிட்டல் மயமானதே பெரிய காரணம்.

கம்பியில்லா ரிமோட் முதலில் ஒளியைக் கொண்டே இயங்கியது. ஜெனித் நிறுவனத்தின் யூஜின் பாலி 1955-இல் உருவாக்கிய ஃபிளாஷ்-மேட்டிக், கைவிளக்கு போன்ற ஒரு கருவியால் தொலைக்காட்சியின் மூலைகளில் ஒளி பாய்ச்சி இயக்கப்பட்டது. சாளர வெயில் பட்டாலும் அது குழம்பியது. அடுத்த ஆண்டே அதே நிறுவனத்தின் ராபர்ட் ஆட்லர் மீயொலியில் இயங்கும் ஸ்பேஸ் கமாண்டைக் கொண்டுவந்தார். கால் நூற்றாண்டுக் காலம் மீயொலியே கோலோச்சியது. 1980-களில் அகச்சிவப்பு அதன் இடத்தைப் பிடித்தது.

வெயிலில் அகச்சிவப்பு ஏராளமாக இருந்தும் இம்முறை குழம்பாததற்குக் காரணம் அதன் துடிப்பு. ரிமோட்டிலுள்ள டயோடு ஏறக்குறைய 940 நானோமீட்டர் அலைநீள ஒளியைத் தொடர்ச்சியாக வீசாமல், பெரும்பாலும் நொடிக்கு 38,000 முறை விட்டுவிட்டு வீசுகிறது. எதிரிலுள்ள ஏற்பி அந்தத் துடிப்பை மட்டுமே ஏற்று மற்றதைத் தள்ளிவிடுகிறது. பரவலாகப் புழங்கும் என்இசி குறிமுறையில் முதலில் 9 மில்லிநொடித் துடிப்பும் 4.5 மில்லிநொடி மௌனமும் வரும். அதன்பின் கருவியின் முகவரி, அதன் தலைகீழ் வடிவம், ஆணை, அதன் தலைகீழ் வடிவம் என நான்கு எண்மத் தொகுதிகள் தொடரும். பூச்சியமா ஒன்றா என்பதைத் துடிப்புகளுக்கு இடையிலுள்ள மௌனத்தின் நீளமே சொல்கிறது. பிலிப்ஸின் ஆர்சி-5 முறையோ 36 கிலோஹெர்ட்ஸில், 14 பிட்டுகளில், வேறு இலக்கணத்தில் இயங்குகிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் குறிமுறை மாறியதால், ஒருவரின் ரிமோட் மற்றவரின் பெட்டிக்கு உதவாமல் போனது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டில் தொடங்கியபோதும், ஐதராபாத் நிலையம் 1977-இல் வந்தபோதும், தொலைக்காட்சியை இயக்க எழுந்துபோய்க் குமிழைத் திருகுவதே வழக்கம். 1990-களில் கேபிள் பரவிய பிறகும் நிலைமை எளிதாகவே இருந்தது. கேபிள்காரர் இழுத்துத் தந்த ஒற்றைக் கம்பி நேராகத் தொலைக்காட்சிக்குள் சென்றது. அலைவரிசை மாற்றுவதும் ஒலியைக் கூட்டுவதும் ஒரே ரிமோட்டில் முடிந்தன. வரலாற்றில் இந்தக் கட்டம் அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் இடையில் பெட்டி எதுவும் இல்லாத அக்கட்டத்தில் இச்சிக்கலே கிடையாது என்பதை மனத்தில் கொண்டால்தான் பின்னர் நிகழ்ந்தது விளங்கும்.

2003-இல் டிஷ் டிவி நாட்டில் நேரடிச் செயற்கைக்கோள் சேவையைத் தொடங்கியது. 2006-இல் டாடா ஸ்கையும் அடுத்த ஆண்டின் இறுதியில் சன் டைரக்டும் வந்தன. இவை விரும்பியவர் வீட்டில் மட்டும் பெட்டியை வைத்தன. கேபிள் சட்டத்தில் 2011-இல் செய்யப்பட்ட திருத்தம் பெட்டியைக் கேபிள் பார்வையாளர் எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. பெருநகரங்களில் 2012-இல் தொடங்கிய இந்த மாற்றத்தில், மற்ற நகர்ப்புறங்கள் அடங்கிய மூன்றாம் கட்டத்துக்கு 2015 டிசம்பர் 31 கெடு. கிராமப்புறங்களுக்கான கெடு 2017 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று ஆந்திர அரசின் ஃபைபர்நெட் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. மாதம் 149 ரூபாய்க்கு இணையம், தொலைபேசி, தொலைக்காட்சி மூன்றும் தருவதாக அறிவித்த இத்திட்டமும் வீட்டுக்குள் இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்தது.

பெட்டி கூடியதும் ரிமோட்டும் கூடியது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பக்தி சேனல் 2008-இல் தொடங்கியது. அதில் அதிகாலை சுப்ரபாத சேவையைக் காண விரும்பும் முதியவர், ஒரு ரிமோட்டால் தொலைக்காட்சியை எழுப்பி, மற்றொன்றால் பெட்டியை எழுப்பி, முதல் ரிமோட்டில் உள்ளீட்டை மாற்றி, திரும்பவும் இரண்டாவதை எடுத்து அலைவரிசை எண்ணை அழுத்த வேண்டியிருந்தது. ஒரு படி தவறினாலும் திரையில் சிக்னல் இல்லை என்ற அறிவிப்பே மிஞ்சும். பழைய குழாய்த் தொலைக்காட்சியின் அகன்ற தலையில் பெட்டியை வைக்க முடிந்தது. தட்டைத் திரை சுவரேறியபின் அந்த இடமும் போயிற்று. பெட்டி கீழ்த்தட்டுக்கோ, திரைக்குப் பின்னாலோ, கதவு போட்ட அலமாரிக்கோ சென்றது.

மேலைநாடுகளில் ஹோம் தியேட்டர் அமைப்போர் இச்சிக்கலுக்கு அகச்சிவப்பு மறுபரப்பியைக் கையாண்டனர். சுவரில் ஒரு சிறு ஏற்பி, அங்கிருந்து கம்பி, கம்பியின் நுனியில் உமிழும் டயோடு ஆகிய மூன்றும்தான் அதன் உறுப்புகள். குளிர்க் கதிர்முனைக் குழாய் விளக்குகள் கொண்ட அன்றைய எல்சிடி திரைகள் தாமே அகச்சிவப்பை உமிழ்ந்து அருகிலிருந்த ஏற்பியைக் குழப்பியதுண்டு. மறுபரப்பி தனியாக நிற்கும் கருவி. வந்ததை அப்படியே கடத்துமே தவிர அதன் பொருளை அறியாது.

ஏற்பியும் கணிப்பொறியும் இணைய இணைப்பும் ஏற்கெனவே தன்னுள் கொண்ட தொலைக்காட்சி அந்த வேலையை ஏற்றது இயல்பான அடுத்த படி. சாம்சங், சோனி முதலிய நிறுவனங்கள் 2010-களில் உமிழிக் கம்பி பொருத்தும் வசதியைத் தம் உயர்விலைத் தொலைக்காட்சிகளில் தந்தன. இங்கே தொலைக்காட்சி ஆணையைக் கடத்துவதோடு நிற்காமல் மொழிபெயர்க்கவும் செய்கிறது. பயனர் தம் சேவை நிறுவனத்தைப் பட்டியலில் தேர்ந்தெடுத்தால், அந்தப் பெட்டிக்குரிய குறிமுறை பதிவாகிவிடும். பிறகு தொலைக்காட்சி ரிமோட்டின் பொத்தானை அழுத்தினால், பெட்டிக்குப் புரியும் துடிப்பு கம்பியின் நுனியிலிருந்து புறப்படும்.

எச்டிஎம்ஐ கம்பியின் 13-ஆம் முனை வழியே செல்லும் சிஇசி தொடர்பும் ஏறத்தாழ இதே பணியைச் செய்ய வல்லது. பெட்டி மூடிய அலமாரியில் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஆனால் கேபிள் நிறுவனங்கள் தந்த மலிவான பெட்டிகள் பல, மஞ்சள், சிவப்பு, வெள்ளை நிற ஏவி கம்பிகளாலேயே இணைக்கப்பட்டன. அவற்றில் சிஇசிக்கு வழியே இல்லை. அகச்சிவப்பு ஏற்பியோ மிக மலிவான பெட்டியிலும் இருந்தது. பழைய தொழில்நுட்பமே இங்கு கைகொடுத்தது என்பதைக் குறைபாடாகக் கருதத் தேவையில்லை. எல்லாப் பெட்டிக்கும் பொதுவாக வாய்த்தது அது ஒன்றுதான்.

இவ்வசதியை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் விலையில் கொண்டுவந்ததில் சியோமிக்குத் தனி இடமுண்டு. 2018 மார்ச்சில் அது அறிமுகப்படுத்திய மி டிவி 4ஏ, 32 அங்குல அளவில் 13,999 ரூபாய்க்கு விற்றது. சில பொத்தான்களே கொண்ட அதன் ரிமோட்டால் செட்டாப் பாக்ஸையும் இயக்க, மி ஐஆர் கேபிள் தனியாக விற்கப்பட்டது. 2017 டிசம்பரில் தொலைக்காட்சி இறக்குமதி வரி 20 சதவீதமாக உயர்ந்திருந்ததால், உள்நாட்டிலேயே பொருத்துவது நிறுவனங்களுக்கு இலாபமானது. சியோமிக்காக டிக்சன் டெக்னாலஜீஸ் திருப்பதியில் உள்ள ஆலையில் 2018-இலேயே தொலைக்காட்சிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் டிசிஎல் நிறுவனத்தின் திரைப் பலக ஆலைக்கும் திருப்பதியை அடுத்து அடிக்கல் நாட்டப்பட்டது. முன்னதாக 2015 முதல், அன்று சித்தூர் மாவட்டத்திலும் 2022-க்குப் பின் திருப்பதி மாவட்டத்திலும் அடங்கும் ஸ்ரீசிட்டியில், ஃபாக்ஸ்கான் ஆலை சியோமி கைப்பேசிகளைப் பொருத்திவந்தது. அந்நிறுவனத்தின் பல கைப்பேசிகளின் மேல்விளிம்பில் அகச்சிவப்பு உமிழி இருப்பதால் கைப்பேசியே ரிமோட்டாகவும் பயன்பட்டது. அலமாரிக்கதவு மூடியிருந்தால் மட்டும் அதுவும் தோற்றது.

உமிழிக் கம்பியைப் பொருத்துவதில் நுணுக்கம் உண்டு. பெட்டியின் கருநிற முகப்பில் ஏற்பி இருக்கும் இடம் வெளியே தெரியாது. டார்ச் ஒளியைச் சாய்த்து அடித்தால் ஓரிடத்தில் சிறு வட்டமாகப் புலப்படும். அதன்மேல் உமிழியை ஒட்ட வேண்டும். உமிழி வேலை செய்கிறதா என்று அறிய, கைப்பேசிக் கேமராவை அதற்கு நேரே பிடித்து ரிமோட்டை அழுத்துவார்கள். கண்ணுக்குத் தெரியாத துடிப்பு கேமராத் திரையில் ஊதாப் புள்ளியாக மினுக்கும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் திருப்பதி வெயிலில், மூடிய அலமாரிக்குள் பெட்டி சூடேறாமலிருக்கப் பின்பலகையில் காற்றுத் துளை இடுவதும் அவசியம்.

இம்முறையின் தீராத குறை, பேச்சு ஒருவழியாகவே நடப்பது. ஆணை போய்ச் சேர்ந்ததா என்று பெட்டி பதில் சொல்லாது. பல பெட்டிகளில் இயக்கவும் நிறுத்தவும் ஒரே குறிதான். ஒருமுறை துடிப்பு தவறினால் தொலைக்காட்சி எழும்போது பெட்டி உறங்கிவிடும். பயனர் கதவைத் திறந்து பெட்டியைத் தனியே இயக்கினால்தான் இரண்டும் மீண்டும் ஒத்துப்போகும்.

ஜியோ, ஏர்டெல் நிறுவனங்கள் 2019-இல் தந்த ஆண்ட்ராய்டு பெட்டிகளுக்குப் பின் புளூடூத் ரிமோட் பெருகியது. ரேடியோ அலை பலகையைக் கடப்பதால், அவ்வகைப் பெட்டிக்கு உமிழிக் கம்பி தேவைப்படவில்லை. செயலிகள் தொலைக்காட்சிக்குள்ளேயே வந்ததால் பெட்டியே இல்லாத வீடுகளும் கூடின. பல வீட்டுக் கருவிகளை ஒன்றாக இயக்கிய ஹார்மனி ரிமோட்டுகளின் தயாரிப்பை லாஜிடெக் 2021-இல் நிறுத்தியது. ஆயினும் புளூடூத் ரிமோட்டுகள் பலவற்றின் முன்முனையில் அகச்சிவப்பு டயோடு இன்றும் உண்டு. அணைந்திருக்கும் தொலைக்காட்சியை எழுப்பவும், புளூடூத் இணைப்பு ஏற்படுவதற்கு முன்பே புதிய தொலைக்காட்சியை இயக்கவும் அதுவே பயன்படுகிறது.