வீட்டு வட்டுப்பதிவியும் அதன் விநோத ஒலிகளும்

பேச்சையும் பாட்டையும் வீட்டிலேயே ஒரு வட்டில் வெட்டிப் பதியும் கருவி வீட்டு வட்டுப்பதிவி எனப்படும். 1930-களிலும் 1940-களிலும் இது அமெரிக்கக் குடும்பங்களில் புழங்கியது. டிவிடி ரெக்கார்டரை நினைத்துக்கொள்ள வேண்டாம். அதில் ஒளி எழுதுகிறது, இதில் ஊசி உழுதது.

1877-இல் எடிசன் செய்த போனோகிராப் ஒலியைப் பதியும், திரும்ப ஒலிக்கவும் செய்யும். பெர்லினரின் தட்டையான இசைத்தட்டு வென்று உருளைகள் மறைந்தபோது, வீட்டில் பதியும் வசதியும் ஏறத்தாழ மறைந்தது. 1934-இல் நியூயார்க்கின் பிரஸ்டோ நிறுவனம் அலுமினியத் தகட்டில் செல்லுலோஸ் நைட்ரேட் பூசிய வட்டுகளைக் கொண்டுவந்தது. வெட்டிய உடனே அவற்றைக் கேட்கலாம். 'அசிட்டேட்' என்றே எல்லாரும் அழைத்தாலும் அந்தப் பூச்சில் அசிட்டேட் கிடையாது. பிறகு மிச்சிகனின் வில்காக்ஸ்-கே நிறுவனம் வானொலியையும் பதிவியையும் ஒரே பெட்டியில் அடக்கி 'ரெக்கார்டியோ' என்ற பெயரில் விற்றது. இரண்டாம் உலகப்போரின்போது படைவீரர்கள் சிறு வட்டுகளில் குரலைப் பதிந்து வீட்டுக்குத் தபாலில் அனுப்பினார்கள்.

இந்த வட்டில் ஒரு சங்கடம் உண்டு: பதிந்ததை அழிக்க முடியாது. பாட்டியின் குரலோடு மோட்டாரின் உறுமலும் பள்ளத்தில் இறங்கிவிட்டால் அது அங்கேயேதான் இருக்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் வேண்டாத வட்டு ஒன்றில் ஒன்றுமே பேசாமல் சில சுற்றுகள் வெட்டி, அதை ஓடவிட்டுக் கேட்பார்கள். கடையில் வாங்கிய இசைத்தட்டிலும் அதே ஓசை வந்தால் குறை ஒலிக்கும் பக்கத்தில். தாங்கள் வெட்டிய வட்டில் மட்டும் வந்தால் வெட்டும் பக்கத்தில்.

அடுத்தது எண்ணுதல். வட்டு நிமிடத்துக்கு 78 முறை சுற்றினால், ஒரு சுற்றுக்கு முக்கால் வினாடிக்குச் சற்றுக் கூடுதலாகும். அந்த இடைவெளியில் சுருதி ஏறி இறங்கினால், நடுத்துளை மையம் விலகியிருக்கும் அல்லது தட்டு வளைந்திருக்கும். ஒரே சுற்றில் ஐந்தாறு முறை 'தட் தட்' என்று கேட்டால், தட்டின் விளிம்பைச் சுழற்றும் சிறிய ரப்பர் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். கருவி ஓடாதபோதும் அதை விளிம்போடு அழுத்தியே விட்டுவைத்தால் ரப்பரில் ஓரிடம் தட்டையாகிவிடும். எண்ண முடியாத இடைவிடாத உறுமல் பெரும்பாலும் மோட்டாரின் அதிர்வு.

மழுங்கிய ஊசி 'உஸ்' என்ற இரைச்சலைத் தரும். இதற்குக் காதுகூட வேண்டாம்: நல்ல ஊசி வெட்டிய பள்ளம் விளக்கொளியில் கறுத்துப் பளபளக்கும், மழுங்கியது வெட்டியது சாம்பல் பூத்திருக்கும். வெட்டும்போதே கீச்சென்று விசில் அடித்தால் ஊசியின் சாய்வு தவறியிருக்கும். கரும்பலகையில் எழுதியவர்களுக்கு இது புதிதல்ல. சாக்பீஸை நேராகப் பிடித்தால் கீச்சிடும், கொஞ்சம் சாய்த்தால் அடங்கிவிடும். முப்பது வருடம் வகுப்பில் நின்றவன் என்பதால் இந்த ஒலியை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை! கரகரவென்று உரசும் ஓசைக்குக் காரணம், வெட்டுப்பட்டு நூல்போல எழும் சீவல் ஊசியில் சுற்றிக்கொள்வது. அதை அவ்வப்போது தூரிகையால் நடுவே ஒதுக்குவார்கள். எளிதில் தீப்பற்றும் பொருள் ஆதலால் அருகில் சிகரெட் கூடாது.

இந்தத் தொல்லைகளோடு மல்லுக்கட்டியவர்களில் கிட்டார் கலைஞர் லெஸ் பால் முக்கியமானவர். ஹாலிவுட்டில் தம் வீட்டுக் கார் கொட்டகையில் ஒரு வட்டை ஒலிக்கவிட்டு, கூடவே வாசித்து, இரண்டையும் சேர்த்து இன்னொரு வட்டில் வெட்டுவார். பிறகு அதன்மேல் இன்னொன்று. ஒவ்வொரு படியிலும் முந்தைய வட்டின் இரைச்சலும் சேர்ந்தே வரும். ஏழாவது படியில் ஒரு தவறு நேர்ந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே காடிலாக் காரின் ஃபிளைவீலைச் சுழல்தட்டாக்கி, பல் மருத்துவரின் துளைக்கருவியில் ஓடும் பெல்ட்டை அதற்கு மாட்டினார். கனத்த, நன்கு சமன்செய்த சக்கரம் வேகம் மாறாமல் சுழலும். பெல்ட் மோட்டாரின் அதிர்வைக் கடத்தாது. 1948-இல் கேபிட்டல் நிறுவனம் வெளியிட்ட 'லவர்' இப்படி உருவானதுதான். விலையுயர்ந்த ஸ்டுடியோக்கள் பொறாமைப்படத்தக்க வேலை என்பது என் கருத்து. அடுத்த ஆண்டே பிங் கிராஸ்பி தந்த ஆம்பெக்ஸ் நாடாப்பதிவி வந்து சேர, அவர் நாடாவுக்கு மாறினார். 1950-களில் வீடுகளும் மாறின.

பரணுக்குப் போன வட்டுகள் வேறு ஒலிகளை எழுப்பத் தொடங்கின. பூச்சு இளகியிருக்கக் கலந்த ஆமணக்கு எண்ணெய் நாளடைவில் சிதைந்து வெள்ளைப் பொடியாக மேலே பூக்கும். பூச்சு சுருங்கி வெடிக்கும். ஊசி வைத்தால் 'டிக், டிக்' என்னும். அந்த நிலையில் இன்னொரு முறை ஓட்டிப் பார்ப்பதே பூச்சைப் பெயர்த்துவிடலாம். ஒலி வந்த இடத்தைத் தேட அதே ஊசியை வைத்துப் பார்த்த பழைய முறை இங்கே உதவாது. 2000-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் கார்ல் ஹேபரும் விட்டாலி ஃபதேயெவும் பள்ளத்தை நுண்ணிய படமாக எடுத்து, ஊசி படாமலே கணினியால் ஒலியாக்கும் முறையைக் கண்டனர். வெடிப்பு எது, குரல் எது என்பதை அந்தப் படத்திலேயே பிரித்துப் பார்க்கிறார்கள்.