ஆசிரமத்தில் இரண்டு நோய்ப்படுக்கைகள்

முதியோர் இல்லங்கள் பெருகிவிட்ட இந்நாளில், அங்கு வாழ்பவரின் உடல்நிலை சரியும்போதெல்லாம் அவருக்கான பராமரிப்பைப் புதிதாகச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்று மருத்துவம் வற்புறுத்துகிறது. சேர்ந்த அன்று எழுதிய குறிப்பே இறுதிவரை போதாது. திருவண்ணாமலையின் அண்மைக்கால வரலாற்றைப் புரட்டும்போது, இந்தச் சீர்தூக்கலுக்கு இரு சான்றுகளை நாம் காண்கிறோம்.

முதலாவது, ரமணரின் தாய் அழகம்மாள். 1914இல் மகனைக் காண வந்த இடத்தில் அவர் கடுங்காய்ச்சலில் விழுந்தார். ரமணர் சில வாரங்கள் அருகிருந்து பணிவிடை செய்தார். தாய் தேறி ஊர் திரும்பினார். 1916இல் மகனோடு தங்குவதற்கே வந்துவிட்டார். 1922 மே 19 அன்று, மலைமீதுள்ள கந்தாசிரமத்தில், அவரது இறுதி நெருங்கியது. ஒரு கையைத் தாயின் நெஞ்சிலும் மறு கையைத் தலையிலும் வைத்தபடி மகன் அமர்ந்திருந்தார். அதே தாய், அதே மகன். எனினும் முன்பு செய்தது பிழைக்க வைக்கும் பணி. இப்போது செய்தது வழியனுப்பும் பணி. அத்தாயின் சமாதியைச் சுற்றியே பின்னர் ரமணாசிரமம் எழுந்தது.

இரண்டாவது, ரமணரே. 1949 பிப்ரவரியில் இடது முழங்கையருகே தோன்றிய சிறு கட்டியை மருத்துவர்கள் அகற்றினர். மார்ச்சில் மீண்டும் அறுவை. அது சார்கோமா என்னும் புற்று என்று தெரிந்தபின் கையையே துண்டிக்கலாம் என்றனர், அவர் இசையவில்லை. ஆகஸ்டிலும் டிசம்பரிலும் மேலும் இரு அறுவைகள் நடந்தன. ரேடியம், ஆயுர்வேதம், ஹோமியோபதி என ஒவ்வொரு சரிவுக்கும் ஒவ்வொரு புதிய முயற்சி. அன்பர்கள் விரும்பிய மருந்துகளை அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் அன்பர்களுக்குத் தரிசனம் தருவதை மட்டும் நிறுத்த ஒப்பவில்லை.

மருத்துவர் அளப்பது கட்டியின் வளர்ச்சியை, நாடியை, வலியை. நோயாளி எதை இழக்கச் சம்மதிப்பார், எதை இழக்க மாட்டார் என்பதை அவரிடம் கேட்டுத்தான் அறிய முடியும். இன்றைய இல்லங்களின் பதிவேடுகளில் நாம் பெரும்பாலும் தேடிக் காணாதது இந்த ஒரு பத்தியைத்தான்.

1950 ஏப்ரல் 14 அன்று மாலை. வெளியே அன்பர்கள் அட்சரமணமாலை பாடிக்கொண்டிருந்தனர். மருத்துவர் ஒருவர் பிராணவாயு கொடுக்க முற்பட்டபோது, ரமணர் வலக்கையை அசைத்து வேண்டாமென்றார். மருத்துவர் விலகினார். இரவு 8.47க்கு மூச்சு அடங்கியது.