மருத்துவமனையை விட்டு வீட்டுக்கு வந்த மருத்துவம்

குடும்பத் தலைவர் ஓராண்டு மருத்துவமனையில் படுத்திருக்க வேண்டும் என்றால், அவர் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? காசநோய் கண்ட ஏழைக் குடும்பங்கள் ஒரு காலத்தில் எதிர்கொண்ட கேள்வி இது.

காசநோய்க் கிருமியை இராபர்ட் காக் 1882இல் கண்டறிந்தார். ஆனால் அதை வெல்லும் மருந்து அடுத்த அறுபது ஆண்டுகளுக்குக் கிட்டவில்லை. தூய காற்று, சத்துணவு, நீண்ட ஓய்வு ஆகியவற்றையே மருத்துவர்கள் நம்பினர். இதற்கென சானடோரியங்கள் எழுந்தன. டாக்டர் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் தொடங்கியது அவற்றுள் ஒன்று. ஸ்ட்ரெப்டோமைசின் 1943இலும், ஐசோனியசிட் 1952இலும் வந்த பின்னரும் சானடோரியப் பழக்கம் நீடித்தது. நம் நாட்டிலோ நோயாளிகள் பல இலட்சம்; படுக்கைகள் மிகச் சிலவே.

மருந்துதான் குணப்படுத்துகிறது என்றால் படுக்கை எதற்கு? இதை ஆராய, நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தோன்றிய அதே 1956ஆம் ஆண்டில், சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் ஒன்று அமைந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் பொறுப்பேற்றார்.

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒன்றை மாற்றாமல் வைத்து மற்றொன்றை மாற்றிப் பார்க்கிறோம் அல்லவா? இங்கும் மருந்து மாறவில்லை. வாழும் சூழலே மாறியது. 193 ஏழை நோயாளிகள், சீட்டுக் குலுக்குவதுபோல், இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் மதனப்பள்ளி சானடோரியத்தில் ஓய்வும் நல்ல உணவும் பெற்றனர். மற்றவர்கள் நெருக்கடி மிகுந்த தம் வீடுகளிலேயே இருந்தனர். இரு பிரிவினரும் ஐசோனியசிட், பாஸ் மருந்துகளை ஓராண்டு உட்கொண்டனர்.

முடிவு 1959இல் வெளியாயிற்று. சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டில் 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. வேறுபாடு சிறிதே. உடன் வாழ்ந்தோருக்கு நோய் தொற்றுமோ என்ற அச்சமும் நீங்கியது. வீட்டு மருத்துவத்தால் அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து நேரவில்லை.

ஆனால் ‘மாத்திரையைக் கொடுத்தோம், போகச் சொன்னோம்’ என்று மையத்தார் இருந்துவிடவில்லை. நோயாளிகள் வாரந்தோறும் வந்து மருந்து பெற்றனர். ஊழியர்கள் சொல்லாமலே வீடு தேடிச் சென்றனர். சிறுநீரைச் சோதித்து, மருந்து உள்ளே சென்றதா என்று அறிந்தனர். உடல் தேறியதும் மாத்திரையை நிறுத்திவிடுவது மனித இயல்பு. அதற்கு இடங்கொடுத்தால் எந்த மருந்தும் பயனற்றுப் போகும்.

1962இல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம் வீட்டு மருத்துவத்தையே அடிப்படையாகக் கொண்டது. சேத்துப்பட்டு மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

நோயாளியை விரைவில் வீட்டுக்கு அனுப்புவது பாதி வேலைதான். மருத்துவம் அவரைப் பின்தொடர்ந்து அவ்வீட்டு வாசலுக்குச் செல்வதே மறுபாதி.