சென்னைத் துறைமுக இழுவைப் படகுகள்

பெருங்கப்பல்களைத் துறைமுக வாயிலில் எதிர்கொண்டு, இழுத்தும் தள்ளியும் அணைகரையில் சேர்க்கும் வலிமிக்க சிறு கலம் இழுவைப் படகு எனப்படும். துறைமுகத் தொழிலாளர் வழக்கில் இது ‘டக்’. கப்பலின் வேகம் குறையக் குறையச் சுக்கான் மீது பாயும் நீரும் குறைந்து அதன் பிடி தளர்வதால், கரையை நெருங்கும் வேளையில்தான் கப்பலுக்குப் பிறர் உதவி மிகுதியாகத் தேவைப்படுகிறது.

சென்னையில் இத்தேவை கூடுதலானது. இயற்கையான வளைகுடா ஏதுமற்ற திறந்த கடற்கரையில் அலைதடுப்புச் சுவர்களால் உருவாக்கப்பட்ட இத்துறைமுகம், கட்டுமானத்தின்போதே 1881 நவம்பர்ப் புயலில் பெருஞ்சேதமடைந்தது. கிழக்கு நோக்கியிருந்த வாயில் வழியே அலை நேராக உள்ளே புகுந்ததால், 1904 முதல் 1919 வரை பொறுப்பிலிருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் அதனை அடைத்து வடகிழக்கில் புதிய வாயில் அமைத்தார். அலை தணிந்தாலும், உள்ளே வரும் கப்பல் சுவர்களுக்கிடையிலான குறுகிய நீர்ப்பரப்பிலேயே திரும்பியாக வேண்டும்.

படகின் திறன், கரைத்தூணில் கட்டி முழு விசையில் இழுக்கும்போது கயிற்றில் ஏறும் விசையைக் கொண்டு டன் கணக்கில் அளக்கப்படுகிறது. வேலையின் அபாயமும் அக்கயிற்றிலேயே உள்ளது: கப்பல் படகை முந்திச்சென்று கயிறு பக்கவாட்டில் இறுகுமானால், படகு சில நொடிகளில் கவிழ்ந்துவிடக்கூடும். கயிற்றை உடனே விடுவிக்கும் அமைப்பு இழுகொக்கியில் பொருத்தப்படுவது இதற்காகவே. பின்புறத்தின் அடியில் முழுவட்டமாகச் சுழலும் உந்திகளைக் கொண்ட புதுவகைப் படகுகள், சுக்கானே இன்றி எத்திசையிலும் நகர வல்லவை.

இந்தியக் கடற்படை, 25 டன் இழுவிசை வகை உட்படத் தனக்கெனப் படகுகள் வைத்துள்ளது. சென்னையில் உள்ள ஐஎன்எஸ் அடையாறு, பெயர் கப்பலுக்குரியதாயினும், ஒரு கரைத்தளமே; போர்க்கப்பல்கள் இங்கு வருகையில் வணிகத் துறைமுகத்திலேயே அணைகின்றன. போர்க்கப்பலின் பக்கத்தகடு மெல்லியது. முகப்பின் அடியில் ஒலியுணர் கருவியின் கூடும் புடைத்திருக்கும். ஆகவே நிலக்கரிக் கப்பலைப் போல் நினைத்த இடத்தில் முட்டித் தள்ளாமல், உட்சட்டம் தாங்கும் இடம் பார்த்தே படகு அணைய வேண்டும்.

2001இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் அனல்மின் நிலைய நிலக்கரிக்கென அமைந்தது. 2019இல் அங்கு திரவ இயற்கை எரிவாயு முனையமும் சேர்ந்தது. எரிவாயுக் கப்பல் அணையும்போது பக்கத்தில் நிற்கும் படகுக்குத் தீயணைப்பு நீர்பீச்சியும் இழுகயிற்றுக்கு நிகரான கருவியாகும்.

புயலில் இப்படகுகளின் எல்லையும் தெரியும். 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலில் நங்கூரம் பிடிக்காமல் இழுபட்ட பிரதிபா காவேரி என்னும் எண்ணெய்க் கப்பல் பெசன்ட் நகர்க் கரையில் தரைதட்டியது. உயிர்காப்புப் படகு கவிழ்ந்து மாலுமிகள் சிலர் இறந்தனர். கடல் அடங்கிய பின்னர், நவம்பரில்தான், அதனை இழுத்து மிதக்கவிட முடிந்தது.

டீசலுக்கு மாற்றான பசுமை இழுவைப் படகுகளுக்கு மாறும் திட்டத்தை ஒன்றிய அரசு 2024 ஆகஸ்டில் தொடங்கியது. முதற்கட்டத்துக்குத் தேர்ந்த நான்கு துறைமுகங்களில் தமிழ்நாட்டிலிருந்து தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகம் மட்டுமே இடம்பெற்றது.