சோதனை எலியா, சோதனையில் பங்காளியா?

(நிபோங் திபால், பைராம் தோட்டத்து மக்கள் முன்னிலையில் பதிவான தொலைக்காட்சி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற முறை புற்றுநோயைப் பற்றி இங்கே பேசினோம். நிகழ்ச்சி முடிந்து விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்த நேரத்தில், இந்தத் தோட்டத்து அம்மா ஒருவர் என்னிடம் வந்தார். "ஐயா, என் தம்பிக்குக் குடல்ல கட்டியாம். நியூரோ என்னமோ பேரு சொல்றாங்க. ஓர் ஆராய்ச்சி நடக்குது, சேர்றீங்களான்னு டாக்டர் கேட்டாராம். எங்க ஆளை வெச்சு சோதனை பண்ணிப் பாக்கறாங்களா ஐயா? தோட்டத்து ஆளுன்னா அவ்வளவு இளக்காரமா?" என்று கேட்டார்.

நின்றபடி இரண்டு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது. அவருடைய அச்சத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த அச்சத்துக்குரிய பதிலுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டும் தற்செயலாக 1907ஆம் ஆண்டில் வந்து சந்திக்கின்றன. இன்று அதைத்தான் பேசப் போகிறேன்.

நம் அரிசிப் பானையில் இருந்த உண்மை

இந்தப் பைராம் தோட்டம் முதலில் கரும்புத் தோட்டம். ரப்பர் பின்னால் வந்தது. கடலைக் கடந்து இந்தச் செபராங் பிறைக்கு வந்த நம் பாட்டன் பூட்டன்மார் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். ஆனால் ஒரு நோய் மட்டும் தமிழர்களை அதிகம் தொடவில்லை. அதுதான் பெரிபெரி. கால் வீங்கும், நடை தளரும், கடைசியில் இதயம் நின்றுவிடும். மலாயா ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் அந்த நோயால் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள்.

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்தார். சீனர்கள் சாப்பிட்டது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. வேறுபாடு பானையில்தான் இருக்கிறது என்றார் அவர். பலர் நம்பவில்லை. அது தொற்றுநோய், இடத்தைப் பொறுத்து வருகிறது என்றார்கள்.

கோலாலம்பூர் மருத்துவர் வில்லியம் ஃபிளெச்சரும் முதலில் நம்பாதவர்களில் ஒருவர். ஆனால் அவர் வாதம் செய்யாமல் சோதித்துப் பார்த்தார். 1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்தவர்களை வரிசையாக நிறுத்தி எண் போட்டார். ஒற்றைப்படை எண்காரர்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை எண்காரர்கள் மறு பக்கம். ஒரு பிரிவுக்கு வங்காளப் புழுங்கல் அரிசி, மற்றதற்குச் சயாம் பச்சரிசி. இடத்தால் வரும் நோயோ என்ற ஐயம் தீர, நடுவில் இரு பிரிவினரின் விடுதிகளையும் மாற்றினார்.

ஓராண்டு முடிந்தது. பச்சரிசி சாப்பிட்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்களில் ஒருவர்கூட அந்நோயால் சாகவில்லை. 1907இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இந்த முடிவு வெளிவந்தது. நெல்லை உமியோடு அவித்தால் தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, தீட்டினாலும் முழுதும் போவதில்லை. அது வைட்டமின் பி1 என்பதெல்லாம் பின்னால் தெரிந்த சேதி.

நம் பாட்டிமார் தினமும் வடித்த சோற்றில் இருந்த உண்மையை உலகம் ஏற்றுக்கொள்ள, இரண்டு வரிசை தேவைப்பட்டது. ஒரே மாதிரி மனிதர்கள், ஒரே ஒரு வேறுபாடு. மருத்துவச் சோதனை என்பதன் சாரமே இதுதான்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த 18 பேரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. மனநோய் விடுதியில் அடைபட்டவர்களை யார் கேட்பார்கள்? அந்த அம்மாவின் அச்சம் வெறும் கற்பனை என்று நான் சொல்லாததற்குக் காரணம் இதுதான்.

மியூனிக்கில் வைத்த பெயர்

அதே 1907. ஜெர்மனியின் மியூனிக் நகரில் சீக்ஃபிரீட் ஓபர்ன்டோர்ஃபர் என்ற நோயியல் மருத்துவர் சிறுகுடலில் சில சிறு கட்டிகளைக் கண்டார். பார்வைக்குப் புற்றுநோய் போல இருந்தன. ஆனால் மெதுவாக வளர்ந்தன. எனவே 'கார்சினாய்டு', அதாவது புற்றுநோயைப் போன்றது என்று பெயர் வைத்தார். இவை சாதுவானவை என்று நினைத்தார். 1929இல் அவரே தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். இவற்றில் சில பரவும், உயிரையும் வாங்கும் என்று எழுதினார். யூதரான அவர் 1933இல் நாஜிகளால் பதவி இழந்து இஸ்தான்புல் சென்றார். அங்கேயே 1944இல் காலமானார்.

அவர் பார்த்த கட்டியின் குடும்பத்தைத்தான் இன்று நியூரோஎண்டோகிரைன் கட்டிகள் என்கிறோம். 'நியூரோ' என்றதும் மூளை என்று பயப்பட வேண்டாம். நரம்பு அணுவின் குணமும் ஹார்மோன் சுரக்கும் குணமும் சேர்ந்த அணுக்கள் குடல், கணையம், நுரையீரல் என்று உடம்பெங்கும் இருக்கின்றன. அவற்றில் பிறக்கும் கட்டி இது. சில கட்டிகள் செரோட்டோனின் போன்ற பொருளை அளவின்றிக் கொட்டும். முகம் திடீரென்று சிவக்கும், ஓயாத வயிற்றுப்போக்கு வரும். வாயுக் கோளாறு என்று ஆண்டுக்கணக்கில் மருந்து தின்றவர்கள் உண்டு. ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003இல் கணையத்தில் கண்டறியப்பட்டது இந்த வகைதான். அவர் 2011இல் மறைந்தார். நடிகர் இர்ஃபான் கான் 2018 மார்ச்சில் தமக்கு இந்நோய் இருப்பதை வெளியிட்டார். 2020 ஏப்ரல் 29இல் காலமானார்.

மெதுவாக வளரும் நோயின் சிக்கல்

இங்கேதான் அந்த அம்மாவின் கேள்விக்கு முதல் பதில் இருக்கிறது. இந்தக் கட்டிகளில் பல மெதுவாக வளர்பவை. ஒருவருக்கு மருந்து கொடுக்கிறோம். இரண்டு ஆண்டுகள் கட்டி வளரவில்லை. மருந்து நிறுத்தியதா? அல்லது மருந்தில்லாமலே அது அப்படித்தான் இருந்திருக்குமா? ஒருவரை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. வேகமாகக் கொல்லும் நோயில் மருந்தின் பலன் சீக்கிரம் தெரியும். மெதுவான நோய் மருத்துவரையும் ஏமாற்றும், நோயாளியையும் ஏமாற்றும். பக்கத்தில் இன்னொரு வரிசை நின்றால்தான் உண்மை தெரியும்.

கதையைத் தொடர்வோம். 1973இல் அமெரிக்காவில் ரோஜர் கிய்மன் ஆய்வுக்கூடத்தில் சொமட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோன் பிரித்தெடுக்கப்பட்டது. மற்றச் சுரப்புகளை அடக்கும் ஹார்மோன் அது. ஆனால் இரத்தத்தில் சில நிமிடங்களே நிற்கும். 1982இல் சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தார் அதைப் போலவே வேலை செய்து, நீண்ட நேரம் நிற்கும் ஆக்ட்ரியோடைடை உருவாக்கினார்கள். 1986இல் அமெரிக்க மருத்துவர்கள் 25 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 22 பேருக்கு முகச் சிவப்பும் வயிற்றுப்போக்கும் உடனே தணிந்தன.

தொல்லை தணிந்தது சரி, கட்டி அடங்கியதா? இருபது ஆண்டுகளுக்கு மேல் அதற்கு உறுதியான பதில் இல்லை. ஜெர்மானிய மருத்துவர்கள் 'புரோமிட்' என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். ஒரு வரிசைக்கு ஆக்ட்ரியோடைடு ஊசி, மற்றதற்கு மருந்தில்லா ஊசி. அரிய நோய் அல்லவா? 85 பேரைச் சேர்க்கவே ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆயின. 2009இல் முடிவு வந்தது. மருந்து பெற்றவர்களுக்குக் கட்டி மறுபடி வளர 14.3 மாதம் பிடித்தது. மற்றவர்களுக்கு 6 மாதம். ஓபர்ன்டோர்ஃபர் பெயர் வைத்து 102 ஆண்டுகளுக்குப் பிறகு, இந்த மருந்து கட்டியையே கட்டுப்படுத்துகிறது என்பது நிரூபணமானது.

2014இல் 'கிளாரினெட்' ஆய்வு வந்தது. 204 பேர், மருந்து லான்ரியோடைடு. இரண்டு ஆண்டு முடிவில் நோய் வளராமல் இருந்தவர்கள் மருந்து வரிசையில் 65 சதவீதம், மற்றதில் 33 சதவீதம். கணையக் கட்டிகளுக்கு எவரோலிமஸ், சுனிடினிப் என்ற இரு மாத்திரைகள் 2011இல் இதே வழியில் தேறின.

கண்ணுக்குத் தெரிந்ததைத் தாக்குவது

இனி படம் பிடிக்கும் கதை. இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவற்றின் மேற்பரப்பில் சொமட்டோஸ்டாட்டினுக்கான பூட்டுகள் நிறைய இருக்கும். ஆக்ட்ரியோடைடு அந்தப் பூட்டுக்கான சாவி. சாவியோடு ஒரு கதிர்வீசும் அணுவைக் கட்டி அனுப்பினால், அது கட்டி இருக்கும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், கேமராவில் ஒளிரும். ஹாலந்தில், ராட்டர்டாம் நகரில் எரிக் கிரென்னிங் குழுவினர் 1989இல் இதைச் செய்துகாட்டினார்கள். பிறகு காலியம்-68 என்ற அணுவைக் கட்டிப் பெட் ஸ்கேனில் பார்க்கும் முறை வந்தது. காலியத்தின் வீரியம் 68 நிமிடத்தில் பாதியாகிவிடும். ஆனால் மற்ற ஸ்கேன்களுக்குத் தப்பிய சிறு கட்டிகளையும் காட்டிவிடும். 2016இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி வழங்கியது.

அதே சாவியில், படம் காட்டும் அணுவுக்குப் பதில் கட்டியைச் சுடும் அணுவைக் கட்டினால் என்ன? லுடீசியம்-177 அப்படிப்பட்டது. அதன் கதிர் ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் போகாது. ஸ்கேனில் பூட்டுகள் தெரிந்தவருக்கே இந்த மருந்து, தெரியாதவருக்கு வீண். படமும் மருந்தும் இப்படி ஒன்றையொன்று சார்ந்து நிற்பது இந்நோயின் தனிச்சிறப்பு.

ஐரோப்பிய மருத்துவமனைகள் சிலவற்றில் பல ஆண்டுகளாகவே இதைக் கொடுத்துவந்தார்கள். இந்தியாவிலும் டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் லுடீசியத்தைத் தயாரித்ததால் நோயாளிகளுக்குக் கிடைத்தது. ஆனால் இரண்டு வரிசை வைத்த பெரிய ஆய்வு 2017இல்தான் வெளிவந்தது. பெயர் 'நெட்டர்-1'. மொத்தம் 229 பேர். 20 மாத முடிவில் நோய் வளராமல் இருந்தவர்கள் லுடீசியம் வரிசையில் 65.2 சதவீதம். மற்றதில் 10.8 சதவீதம்தான்.

இதிலும் ஒரு பாடம் இருக்கிறது. மற்ற வரிசையில் நின்றவர்களுக்கு வெறுங்கை காட்டவில்லை, ஆக்ட்ரியோடைடைக் கூடுதல் அளவில் கொடுத்தார்கள். அவர்களில் 36 சதவீதத்தினர் பின்னர் கதிர் மருந்தையும் பெற்றார்கள். 2021இல் வந்த இறுதிக் கணக்கில் ஆயுள் 48 மாதம், 36.3 மாதம் என்று இருந்தது. இந்த வேறுபாடு புள்ளியியலின்படி உறுதிப்படவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதினார்கள். கதிர் மருந்து பெற்றவர்களில் இருவருக்கு எலும்பு மஜ்ஜை கெட்டது என்பதையும் எழுதினார்கள். நல்ல சோதனை தன் குறையையும் சேர்த்தே சொல்லும்.

2024இல் 'நெட்டர்-2' வந்தது. வேகமாக வளரும் வகைக்கு ஆரம்பத்திலேயே லுடீசியம் கொடுத்தால், நோய் வளராத காலம் 8.5 மாதத்திலிருந்து 22.8 மாதமாகக் கூடியது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2020இல் ஆக்டினியம்-225 என்ற இன்னும் வலுவான அணுவை 32 பேருக்குக் கொடுத்து நம்பிக்கை தரும் பலனை வெளியிட்டார்கள். அதில் இரண்டாவது வரிசை இல்லை. எனவே அது முதற்படி, முடிவு அல்ல.

அந்த அம்மாவுக்கு என் பதில்

ஓபர்ன்டோர்ஃபரைத் துரத்திய அதே நாஜி ஆட்சியில், மருத்துவர்களே சிறைக்கைதிகள் மீது கொடிய சோதனைகள் நடத்தினார்கள். அந்த மருத்துவர்களை விசாரித்த நீதிமன்றம் 1947இல் நூரம்பர்க் நெறிமுறையை வகுத்தது. அதன் முதல் விதியே மனிதரின் சுய சம்மதம்தான். 1964இல் ஹெல்சிங்கி பிரகடனம் வந்தது. நம் நாட்டிலும் சுகாதார அமைச்சின் கீழ் மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழு இருக்கிறது. அமைச்சின் மருத்துவமனைகளில் அதன் ஒப்புதல் இல்லாமல் ஆய்வு நடத்த முடியாது.

ஆகவே அம்மா, உங்கள் தம்பியிடம் சம்மதம் கேட்டது இளக்காரம் அல்ல. 1905இல் கேட்காமல் விட்டார்கள் பாருங்கள், அதுதான் இளக்காரம்.

சேர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அது தம்பியும் அவருடைய மருத்துவரும் முடிவு செய்ய வேண்டியது. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்துவிட்டதா? மற்ற வரிசையில் விழுந்தால் எனக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்? பக்க விளைவு வந்தால் செலவு யாருடையது? பாதியில் விலகினால் என் வழக்கமான சிகிச்சை தொடருமா? பதில்களைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். புரியாவிட்டால் படிவத்தை வீட்டுக்கு எடுத்துவந்து, படித்த பிள்ளை ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவசரப்படுத்தினால் கையெழுத்துப் போட வேண்டாம்.

ஜெர்மனியில் 85 பேர் சேர ஏழு ஆண்டுகள் காத்திருந்தார்கள். அந்த 85 பேரின் பெயர் நமக்குத் தெரியாது. இன்று உங்கள் தம்பிக்கு மருத்துவர் தைரியமாக எழுதிக்கொடுக்கும் ஊசி, அவர்கள் இரண்டு வரிசையாக நின்றதால் கிடைத்தது. நம் பாட்டன்மார் சாப்பிட்ட புழுங்கல் அரிசியும் அப்படித்தான் உலகத்துக்குப் பாடமானது. அன்று நம்மை யாரும் கேட்கவில்லை. இன்று கேட்கிறார்கள். நாமும் திருப்பிக் கேட்கப் பழகிக்கொள்வோம்.